காரின் பெற்றோல் பம்புக்கு வயர் இழுக்கும் பிள்ளைகளுக்கு

(தோட்ட இளைஞர் கழகத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் பேசியதன் எழுத்து வடிவம்)



வழக்கமாக நான் பேச எழும்பினால் மலசலகூடம், பிள்ளைகளின் நிறை, சேமலாப நிதிப் பாரம் இவற்றைப் பற்றித்தான் பேசுவேன். இன்றைக்கு மோட்டார் காரைப் பற்றிப் பேசப் போகிறேன். வெல்பெயர் ஐயாவுக்கு என்ன வந்தது என்று சிலர் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், பரவாயில்லை. ஆனால் இதுவும் நலன்புரி விடயம்தான் என்பது பேச்சு முடியும்போது விளங்கும்.

இருபது வருஷத்துக்கு முன்னால் இந்த ரோட்டில் துரையின் ஜீப், ஸ்டோர் லொறி, கல்யாணம் சாவுக்கு வரும் ஹயர் வேன், இவை மட்டும்தான் ஓடின. இன்றைக்கு மேட்டு லயத்துக்கு மேலே பாருங்கள், த்ரீவீலர், பழைய ஆல்டோ, வேன் என்று வரிசையாக நிற்கின்றன. அப்பாவின் சேமலாப நிதிக் காசு, அம்மாவின் சர்வீஸ் காசு, கொழும்பில் கடையில் நின்று பிள்ளை அனுப்பிய காசு என்று ஒரு குடும்பத்தின் முழு உழைப்பும் அந்த நாலு சக்கரத்தின் மேல் நிற்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். கார்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடையில் ஐந்து வருஷம் நாடு முழுவதும் பழைய வாகனத்தையே தட்டித் தட்டி ஓட்டியது. இப்போது புதிது வந்தாலும் அந்த விலை நம் கைக்கு எட்டாது. ஆகவே பழையதைப் பழுது பார்த்துத்தான் ஓட்ட வேண்டும். கராஜுக்குக் கொண்டுபோனால் ஒரு கிழமைச் சம்பளம் போய்விடும் என்று நம் பிள்ளைகள் லயத்து வாசலிலேயே பொனட்டைத் திறந்துவிடுகிறார்கள். அதை நான் குறை சொல்ல வரவில்லை.

இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். நடுச்சாமத்தில் ஒரு பிள்ளைத்தாச்சிக்கு வலி கண்டால், 1990க்கு அழைத்துவிட்டு ஆம்புலன்ஸ் மலை ஏறி வருவதற்குள், ரோட்டில் நிற்கும் அந்தப் பழைய கார்தான் பல தடவை முதலில் புறப்படுகிறது. அது ரம்பொடை ஏற்றத்திலோ கினிகத்தேனை வளைவிலோ இருமி நின்றுவிட்டால் உள்ளே இருப்பவர்களின் கதி என்ன? இஞ்சின் நின்றால் பிரேக் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு கல்லாகிவிடும். பவர் ஸ்டியரிங் வண்டியாக இருந்தால் ஸ்டியரிங்கும் கனக்கும். அப்படித் திடீரென்று நிற்பதற்கு ஒரு பெரிய காரணம், பெற்றோலைத் தாங்கியிலிருந்து இஞ்சினுக்குத் தள்ளும் மின்சாரப் பம்பும் அதற்குப் போகும் வயரும்.

எனக்கு இதில் என்ன தெரியும் என்று கேட்கலாம். சாதாரண தரப் பரீட்சை எழுதிய பிறகு, இந்த உத்தியோகம் கிடைக்கும் முன்னால், இரண்டு வருஷம் ஹட்டன் பக்கம் ஒரு கராஜில் வயரிங் பாஸுக்குக் கையாளாக நின்றேன். அன்று பழகியதோடு பின்னால் படித்துத் தெரிந்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். முழுப் பாஸ் வேலையை ஒரு பேச்சில் கற்றுத்தர முடியாது. எது வீட்டில் செய்யக்கூடியது, எது செய்யவே கூடாதது என்ற கோட்டை மட்டும் தெளிவாகக் காட்ட முடியும்.

முதலில் உங்கள் வண்டியில் அந்தப் பம்ப் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய த்ரீவீலர்களில் பெற்றோல் தானாகவே இறங்கி வரும், மின்சாரப் பம்ப் கிடையாது. கார்பரேட்டர் வைத்த பழைய மாருதி 800 போன்ற கார்களில் இஞ்சினே தள்ளும் சின்னப் பம்ப் இருக்கிறது, அதற்கும் வயர் இல்லை. ஊசியால் பெற்றோல் தெளிக்கும், அதாவது இன்ஜெக்ஷன் வைத்த கார்களில்தான் தாங்கிக்குள்ளேயே மின்சாரப் பம்ப் மூழ்கி உட்கார்ந்திருக்கும். சாவியை ஓன் பக்கம் திருப்பிவிட்டு, ஸ்டார்ட் பண்ணாமல், பின் சீட்டுப் பக்கம் காதை வைத்துக் கேளுங்கள். ஏறக்குறைய இரண்டு விநாடி ஒரு வண்டு மாதிரி ரீங்காரம் கேட்டு நிற்கும். அதுதான் பம்பின் குரல்.

அந்தச் சத்தம் கேட்கவில்லை என்றால் உடனே வயரை வெட்டாதீர்கள். தாங்கியில் பெற்றோல் இருக்கிறதா, பெற்றரி முனைகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு பம்பின் பியூஸைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பிறகு ரிலே. ஹோன் ரிலேயும் பம்ப் ரிலேயும் பல கார்களில் ஒரே இலக்கமுடையவை. அப்படியானால் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டாலே ரிலேயில் பிழையா இல்லையா என்று தெரிந்துவிடும். காசு செலவில்லாத சோதனை. இதைச் செய்யாமலே பம்பைக் கழற்றி, நல்ல பம்பைத் தூக்கி வீசிவிட்டு, புதுப் பம்ப் போட்டும் வண்டி எழும்பாமல் தலையில் கைவைத்து உட்கார்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு விதமான நோய் இருக்கிறது. சமதரையில் வண்டி நன்றாக ஓடும். ஏற்றத்தில் நாலு பேரை ஏற்றினால் இழுக்காது, விக்கும். இது பெற்றோல் பில்டர் அடைத்தாலும் வரும். ஆகவே முதலில் பில்டரை மாற்றிப் பாருங்கள். அதற்கும் சரிவராவிட்டால் வயரில் சந்தேகம் வைக்கலாம். நம் மலைநாட்டு மழையும் பனியும் பிளக்குகளுக்குள் ஏறிப் பச்சைப் பாசி மாதிரிப் பிடிக்கும். பொடியில் எர்த் பிடித்த ஆணியைச் சுற்றித் துரு ஏறும்.

இது எப்படி என்பதற்கு நம் பீலியையே உதாரணமாகச் சொல்கிறேன். ஊற்றிலிருந்து வரும் குழாயில் இலை அடைத்திருக்கிறது என்று வையுங்கள். எல்லாக் குழாய் வாயையும் மூடி வைத்தால் உள்ளே தண்ணீர் முழு வேகத்தோடு நிற்கிற மாதிரித்தான் இருக்கும். திறந்துவிட்டால் நூல் மாதிரி வடியும். வயரும் அப்படித்தான். ஏழு இழையில் ஆறு இழை அறுந்த வயரிலும் டெஸ்ட் லாம்ப் எரியும், ஏனென்றால் அந்தச் சின்ன பல்புக்குத் தேவைப்படும் கரண்ட் சொற்பம். பம்புக்கு 4 முதல் 7 அம்பியர் வரை வேண்டும். அதைக் கேட்கும்போதுதான் அந்த ஒற்றை இழை கைவிரிக்கும். "லாம்ப் எரியுது ஐயா, கரண்ட் இருக்கு, பம்ப்தான் செத்துப்போச்சு" என்று பிள்ளைகள் சொல்வது இதனால்தான்.

ஆகவே பம்ப் ஓடும்போதுதான் அளக்க வேண்டும். ஒரு மல்டிமீட்டர் போதும். இஞ்சின் ஓடும்போது பெற்றரி முனையில் பொதுவாக 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருக்கும். அதே நேரம் பம்பின் பிளக்கைக் கழற்றாமல், பின்பக்கமாக ஒரு மெல்லிய ஊசியைச் செருகி அங்கே எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். பிளஸ் பக்கத்தில் அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் வழியில் எங்கோ அடைப்பு. எர்த் பக்கத்தையும் அதேபோல் தனியாக அளக்க வேண்டும், இதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். பாதிக்குப் பாதி நோய் எர்த்தில் இருக்கும். உப்புத்தாள் போட்டு அந்த ஆணியடியைப் பளபளவென்று தேய்த்து இறுக்கினாலே சில வண்டிகள் பழையபடி மலை ஏறும். பெற்றோல் வாடை அடிக்கிற வண்டியில் மட்டும் மீட்டரையும் தொட வேண்டாம், சாவியையும் தொட வேண்டாம். முதலில் வாடை எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும்.

சரி, பழைய வயர் கெட்டுப்போனது உறுதி, புது வயர் இழுக்கத்தான் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

கடையில் போய் வீட்டு வயரிங்குக்குப் போடும் 1/1.13 வயரை வாங்காதீர்கள். அது ஒற்றைக் கம்பி. வண்டி குலுங்கக் குலுங்க ஒரு நாள் உள்ளுக்குள்ளேயே முறிந்துவிடும். வாகனத்துக்கென்று விற்கும், மெல்லிய இழைகள் பல சேர்ந்த வயர் வேண்டும், 2.5 சதுர மில்லிமீட்டர். ஒரு கணக்குச் சொல்கிறேன். பெற்றரியிலிருந்து பின் பக்கத்துக்கு 4 மீட்டர் என்று வைத்தால், 0.5 சதுர மில்லிமீட்டர் வயரில் 6 அம்பியர் ஓடும்போது 0.8 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே தொலைந்துவிடும். அதே தூரத்துக்கு 2.5 வயரில் 0.2 வோல்ட்டுக்குள் அடங்கும். சாமான் கடையில் வயரின் தடிப்பை வெளி ரப்பரைப் பார்த்து மதிக்க வேண்டாம். உள்ளே செம்பு எவ்வளவு என்று வெட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

இனி இணைப்பு. பெற்றரியின் பிளஸ்ஸிலிருந்து புறப்படும் வயரில், ஒரு சாண் தூரத்துக்குள் 15 அம்பியர் பியூஸ் ஒன்று வர வேண்டும். பியூஸ் இருப்பது பம்பைக் காப்பாற்ற அல்ல, வயர் எங்காவது பொடியில் உரசினால் தீப்பிடிக்காமல் இருக்க. அதனால்தான் அது பெற்றரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். பியூஸிலிருந்து வயர் பின்னால் போய் ஒரு ரிலேயின் 30 என்ற காலில் ஏறும். 87 என்ற காலிலிருந்து பம்பின் பிளஸ்ஸுக்குப் போகும். மீதி இரண்டு கால்கள் 86, 85. பம்புக்கு முன்பு வந்துகொண்டிருந்த பழைய வயரை 86இல் கொடுங்கள். 85ஐ எர்த்தில் கொடுங்கள். அவ்வளவுதான். ரிலேயைத் தட்டி எழுப்ப கால் அம்பியர்கூடத் தேவையில்லை, அதற்குப் பழைய நோஞ்சான் வயர் போதும். பாரம் தூக்குவது புது வயர். உத்தரவு கொடுப்பது பழைய வயர். கங்காணி கூடை தூக்குவதில்லை, சத்தம் மட்டும் போடுகிறார் என்று ஒரு தம்பி பின்னாலிருந்து சொல்கிறார். அதே கணக்குத்தான் தம்பி.

இந்தப் பழைய வயரை ஏன் வெட்டி எறியக்கூடாது என்பதுதான் இன்றைக்கு நான் பேச வந்ததன் உயிர்நாடி. கவனமாகக் கேளுங்கள்.

பம்ப் வயருக்கு இரண்டு வேலை. ஒன்று, பம்பை ஓட வைப்பது. மற்றது, பம்பை நிறுத்துவது. காரின் கம்பியூட்டர் பெட்டி, இஞ்சின் சுற்றுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறது. சாவியைத் திருப்பியதும் இரண்டு விநாடி பம்பை ஓட்டிப் பார்த்துவிட்டு நிறுத்துவது அதனால்தான். இஞ்சின் சுற்றினால் பம்ப் ஓடும். எந்தக் காரணத்தால் இஞ்சின் நின்றாலும், சாவி ஓனில் இருந்தாலும், உடனே பம்பை அணைத்துவிடும். சில வாகனங்களில் மோதல் ஏற்பட்டால் தானாக விழும் சுவிட்ச் ஒன்றும் தனியாக இருக்கிறது. இந்த ஏற்பாடெல்லாம் எதற்கு? வண்டி கவிழ்ந்து குழாய் பிய்ந்துபோனால் பெற்றோல் பீய்ச்சி அடிக்கக் கூடாது என்பதற்கு. இன்ஜெக்ஷன் காரின் குழாயில் அழுத்தம் பல வாகனங்களில் 3 பார் அளவு. சைக்கிள் டயருக்குள் அடிக்கும் காற்றைப் போல என்று நினைத்துக்கொள்ளுங்கள். அந்த வேகத்தில் பெற்றோல் சூடான இஞ்சின் மேல் தெளித்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

நம் பிள்ளைகள் செய்வது என்ன? பழைய வயர் வேலை செய்யவில்லையா, பெற்றரியிலிருந்து நேரே ஒரு வயர், டாஷ்போர்ட்டுக்குக் கீழே ஒரு சுவிட்ச், அவ்வளவு. பம்ப் ஜோராக ஓடும், வண்டியும் ஓடும். பக்கத்துத் தோட்டத்தில் ஒரு தம்பியின் காருக்கு யாரோ ஒருவர் இப்படித்தான் செய்து கொடுத்திருந்தார். மழை நாளில் அது சறுக்கி ரோட்டோரக் கானுக்குள் மூக்குக் குத்தி விழுந்தது. இஞ்சின் நின்றுவிட்டது. உள்ளே இருந்த மூன்று பேரும் வெளியே வந்து ஒருவரை ஒருவர் தடவிப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். கார் மட்டும் ரீங்காரம் பாடிக்கொண்டே இருக்கிறது. முன் பக்கத்திலிருந்து ஓடைத் தண்ணீரில் எண்ணெய் மினுமினுப்பு மிதந்து வருகிறது. கொழுந்து லொறியின் சாரதி ஒருவர் அந்த வழியாக வந்தவர், சத்தத்தைக் கேட்டதும் ஓடிப்போய் அந்தச் சுவிட்சைத் தேடி அணைத்தார். வேடிக்கை பார்க்க வந்தவர்களில் ஒருவர் வாயில் பீடி இருந்ததாம். அன்றைக்கு மழை பெய்தது ஒரு பாக்கியம்.

திருட்டுக்குப் பயந்து பம்ப் வயரில் இரகசியச் சுவிட்ச் வைப்பவர்களும் இருக்கிறார்கள். வைக்க வேண்டுமானால் ரிலேயின் 86க்கு வரும் மெல்லிய வயரில் வையுங்கள், நல்ல தரமான சுவிட்சாக. மலிவு சுவிட்ச் ஏற்றத்தில் கைவிட்டால் திருடனைவிட மோசம்.

அடுத்தது, எங்கே வைத்துச் செய்வது. இதில் அம்மாமாரும் காதைக் கொடுக்க வேண்டும்.

பெற்றோல் ஆவி காற்றைவிட மூன்று நாலு மடங்கு பாரமானது. மண்ணெண்ணெய் மாதிரி அல்ல இது. நம் நுவரெலியாக் குளிரிலும் பெற்றோல் ஆவியாகிக்கொண்டே இருக்கும். அந்த ஆவி மேலே எழும்பிப் போகாது. தரையோடு ஊர்ந்து, படியிறங்கி, கானுக்குள் விழுந்து தாழ்ந்த இடம் தேடிப் போகும். நம் லயங்கள் எப்படிக் கட்டப்பட்டிருக்கின்றன? ரோடு மேலே, மேட்டு லயம் அதற்குக் கீழே, பணிய லயம் அதற்கும் கீழே. ஒவ்வொரு குசினியிலும் விறகடுப்பு தரை மட்டத்தில். மேலே ரோட்டில் ஒரு தம்பி குழாயைக் கழற்றிப் பெற்றோல் சிந்தினால், காற்றில்லாத நேரத்தில் அந்த ஆவி கான் வழியாக எந்த வீட்டு அடுப்படிக்குப் போகும் என்று அவருக்கே தெரியாது. அடுப்பில் பட்டால் நெருப்பு வந்த வழியே திரும்பி ஓடிவரும். லயத்தில் ஒரு காம்பரா பிடித்தால் ஒரே கூரை என்பதால் அடுத்த காம்பராவும் பிடிக்கும். நோட்டீஸ் கொடுத்துவிட்டு வருவதில்லை. தீயணைப்புக்கு 110 என்று அழைக்கலாம், ஆனால் நகரத்திலிருந்து அந்த வண்டி நம் ரோட்டில் ஏறி வருவதற்குள் என்ன மிஞ்சும்?

ஆகவே இஸ்தோப்பில் வேண்டாம், வாசலில் வேண்டாம். லயங்களுக்குப் பக்கவாட்டில், காற்றாடும் சமதரையில் வண்டியை நிறுத்துங்கள். நம் தோட்டத்தில் பிரட்டுக்களம் அதற்கு நல்ல இடம், பின்னேரத்தில் யாரும் இருப்பதில்லை. பிள்ளைகளைச் சுற்றி நிற்க விடாதீர்கள். குப்பி லாம்பு, பீடி, சிகரெட் கிட்டவே வரக்கூடாது. இருட்டிய பிறகு ஃபோன் வெளிச்சத்தில் செய்யும் வேலையும் இது அல்ல.

வேலை தொடங்குமுன் பெற்றரியின் மைனஸ் முனையைத்தான் முதலில் கழற்ற வேண்டும். பிளஸ்ஸை முதலில் கழற்றினால் சாவி பொடியில் பட்டுப் பொறி பறக்கும். பூட்டும்போது மைனஸ் கடைசி. புது வயரை சைலன்சர் குழாய்க்குக் கிட்ட விடாதீர்கள். உள்ளே கம்பளத்துக்குக் கீழே கம்பனி வயர் போகும் வழியிலேயே விடுங்கள். தகட்டில் துளை வழியாகப் போகும் இடத்தில் ரப்பர் வளையம் போடுங்கள், இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் தகடு வயரைக் கத்தி மாதிரி அறுத்துவிடும். வயரும் வயரும் சேரும் இடத்தை முறுக்கி டேப் ஒட்டுவது வேலையே அல்ல. நெரித்துப் பிடிக்கும் முனைகளைப் போடுங்கள், அல்லது ஈயம் வைத்துப் பற்றுங்கள். ஈயம் பற்றும் வேலையைக் காரிலிருந்து தூரத்தில் வைத்துச் செய்துகொண்டு வாருங்கள். ரிலேயின் உள்ளே ஒவ்வொரு தடவையும் சின்னப் பொறி வரும். ஆகவே அதைத் தாங்கி மூடிக்குப் பக்கத்தில் வைக்காமல், டிக்கியின் பக்கச் சுவரில் உயரத்தில், தண்ணீர் படாத இடத்தில், கால்கள் கீழே பார்க்கும்படி பொருத்துங்கள்.

தாங்கியின் மூடியோடு நம் எல்லை முடிகிறது. மூடிக்கு வெளியே உள்ள வயர், பிளக், ரிலே, எர்த், இவை கைப்பழக்கம் உள்ள பிள்ளை வீட்டில் செய்யலாம். மூடியைத் திறந்து உள்ளே இருக்கும் வயரில் ஒட்டுப் போடக் கூடாது. சாதாரண வயரின் மேற்தோலும் இன்சுலேஷன் டேப்பின் பசையும் பெற்றோலில் ஊறிக் கரைந்தும் வெடித்தும் போகும். பிறகு பெற்றோலுக்குள்ளேயே வெறும் கம்பி. உள்ளே பிழை என்றால் பம்பை முழுசாக, அதற்கென்றே வரும் வயரோடு மாற்ற வேண்டும். சில கார்களில் அதற்குத் தாங்கியையே இறக்க வேண்டும். அது கராஜ் வேலை. அதில் காசு மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள்.

ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால், செம்மஞ்சள் நிற வயரை எந்தக் காரணத்துக்காகவும் தொடாதீர்கள். அதில் 100 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது. பம்பின் வேகத்தைத் தேவைக்கேற்பக் கூட்டிக் குறைக்கும் புது வாகனங்களிலும் நான் சொன்ன இந்த ரிலே முறை பொருந்தாது.

வேலை முடிந்ததும் எல்லோரும் வண்டி எழும்புகிறதா என்றுதான் பார்க்கிறார்கள். நிற்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. சாவியை ஓன் பண்ணுங்கள், ஸ்டார்ட் பண்ணாதீர்கள். ரீங்காரம் இரண்டு விநாடியில் நிற்க வேண்டும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் இணைப்புப் பிழை, அந்த வண்டியை ரோட்டில் இறக்காதீர்கள். பிறகு ஸ்டார்ட் பண்ணி, முன்பு அளந்த இடத்தில் மறுபடி அளந்து, அரை வோல்ட்டுக்குள் வந்துவிட்டதா என்று பாருங்கள். அரை மணித்தியாலம் ஓடிய பிறகு பியூஸ் வீட்டையும் ரிலேயையும் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு என்றால் எங்கோ முனை சரியாக நெரிக்கப்படவில்லை. புது பியூஸ் அடிக்கடி போனால் 30 அம்பியர் பியூஸ் போட்டுச் சமாளிக்காதீர்கள். சிகரெட் பெட்டி வெள்ளித் தாளைச் சுற்றுகிற ஆட்களும் இருக்கிறார்கள், அவர்களை என்ன சொல்வது! பியூஸ் போவது பம்ப் இறுகுகிறது அல்லது வயர் எங்கோ உரசுகிறது என்ற அறிவிப்பு.

பம்ப் ஏன் சீக்கிரம் சாகிறது என்றும் ஒரு வார்த்தை. தாங்கிக்குள் பெற்றோல்தான் பம்பைக் குளிர வைக்கிறது. 2022இல் வரிசையில் நின்றும், பிறகு கியூஆர் முறையில் கிடைத்த அளவிலும், எல்லோரும் அடி மட்டத்துப் பெற்றோலிலேயே ஓடினோம். அன்றைக்கு வேறு வழி இல்லை. கியூஆர் முறை 2023 செப்டெம்பரில் நின்றுவிட்டது. ஆனால் 500 ரூபாவுக்கு அடித்து முள் சிவப்பிலேயே ஓட்டும் பழக்கம் நம்மை விட்டுப் போகவில்லை. முடிந்தவரை கால் தாங்கிக்குக் குறையாமல் வைத்திருங்கள். மாதக் கணக்கில் பார்த்தால் செலவு ஒன்றுதான்.

அதே 2022 பழக்கத்தில் இன்னும் சில வீடுகளில் கட்டிலுக்குக் கீழே கான் பெற்றோல் இருக்கிறது. வேலை செய்யும்போது வடித்த பெற்றோலைச் சோடாப் போத்தலில் ஊற்றிக் குசினி மூலையில் வைப்பதும் நடக்கிறது. அம்மாமாரே, கண்டால் பிள்ளையை ஏசிவிட்டாவது வெளியே எடுக்க வையுங்கள். சின்னப் பிள்ளை தெரியாமல் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்க வேண்டாம், அது நுரையீரலுக்குள் போய்விடும். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். பெற்றோல் பட்ட உடுப்போடு அடுப்படிக்குப் போகக் கூடாது, வெளியிலேயே கழற்றிப் போட வேண்டும்.

பெற்றோலில் பிடித்த நெருப்புக்குத் தண்ணீர் ஊற்றினால் அது மிதந்து பரவும். வேலை செய்யும் இடத்தில் இரண்டு வாளி மணலும் ஒரு நனைந்த சாக்கும் முன்கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள். நெருப்பு பெரிதாகிவிட்டால் காரை விட்டுவிட்டு ஓடுங்கள். சேமலாப நிதிக் காசாக இருந்தாலும் ஓடுங்கள். உடம்பில் பட்டுவிட்டால், 20 நிமிஷம் ஓடும் பீலித் தண்ணீரில் காட்டுங்கள். பற்பசை, நெய், தேயிலைச் சாயம் ஒன்றும் பூச வேண்டாம். பிறகு சுத்தமான துணியால் மூடிக்கொண்டு 1990க்கு அழையுங்கள்.

கடைசியாக ஒரு அறிவித்தல். என் காரியாலயத்தில் ஒரு மல்டிமீட்டரும், முனை நெரிக்கும் குறடும் இருக்கின்றன. கொப்பியில் கையெழுத்துப் போட்டுவிட்டு யாரும் எடுத்துப் போகலாம், மறுநாள் திருப்பித் தர வேண்டும். பெற்றரியிலிருந்து நேரடி வயர் போட்டு ஓட்டுகிறவர்கள் யார் யார் என்று நான் கேட்கப் போவதில்லை. சம்பளத்துக்கு அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமை காலை 9 மணிக்குப் பிரட்டுக்களத்துக்கு வண்டியைக் கொண்டு வாருங்கள். ரிலேயும் பியூஸும் வாங்கிக்கொண்டு வந்தால் போதும், கூலி இல்லை. பெயரை இன்றைக்கே இளைஞர் கழகச் செயலாளர் தம்பியிடம் கொடுத்துவிட்டுப் போங்கள், ஒரு நாளைக்கு நாலு வண்டிக்கு மேல் பார்க்க முடியாது.